கல்லடைப்பும் அதிர்வலைச் சிகிச்சையும்

மக்கள் உடலை வருத்தும் நோய்களுள் கல்லடைப்பு தொன்றுதொட்டு அஞ்சப்பட்டு வருவதொன்று. விலாவின் பின்புறத்தே தோன்றி அடிவயிற்றை நோக்கி இறங்கும் அதன் வலியை ஒருமுறை துய்த்தவர் மறவார். இந்நோய்க்கு இக்காலத்தே வழங்கும் சிகிச்சைகளுள் ஒன்று, உடலைக் கீறாமலும், கருவி எதனையும் உள்ளே செலுத்தாமலும், புறத்தேயிருந்து அனுப்பும் அதிர்வலைகளால் கல்லை நொறுக்குவதாம். கேட்போர்க்கு இது வியப்பையும் ஆசையையும் ஒருங்கே விளைப்பது. 'கத்தியின்றிக் கல் நீங்குமாயின், யாவர்க்கும் அதனையே செய்துவிடலாமே' என்று வினவுவாரும் உளர். அங்ஙனம் யாவர்க்கும் செய்தல் தகாது. இன்னார்க்குத் தகும், இன்னார்க்குத் தகாது எனத் தேர்ந்து துணிதலே இச்சிகிச்சையின் பெரும்பகுதி. அத்தேர்வு எவ்வாறு நிகழ்கின்றதென்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், கற்ற மருத்துவன் நோயுற்றானது நிலையையும், நோயின் அளவையும், செய்தற்குரிய காலத்தையும் எண்ணிய பின்னரே செயலில் இறங்குதல் வேண்டுமென்று விதிக்கின்றார். அவர் காலத்தில் அதிர்வலைக் கருவி இருந்ததில்லை. ஆயினும் இன்று அக்கருவியின் முன் நிற்கும் மருத்துவர் எண்ண வேண்டுவனவும் அம்மூன்றேயாம். ஆதலின் இக்கட்டுரையை அம்முறையே பகுத்துக்கொள்வோம். அதற்கு முன்னர், இக்கருவி தோன்றிய வரலாற்றையும், அது செய்வது யாது, செய்யாதது யாது என்பதனையும் சுருக்கமாய் அறிந்துகொள்ளுதல் நலம்.

வரலாறு

நீர்ப்பையில் தோன்றும் கல்லை அறுத்தெடுக்கும் முறை நம் நாட்டுச் சுசுருத சங்கிதையிலேயே கூறப்பட்டுளது. கிரேக்க நாட்டு ஹிப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் மருத்துவர் உறுதிமொழியோ, கல்லுக்காக அறுத்தலைத் தாம் செய்யாது, அத்தொழிலில் பழகினார்க்கே விட்டுவிடுதல் வேண்டுமென்று மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றது. உயிர்க்கு எத்துணை இடையூறு அதன்கண் இருந்ததென்பது இதனாற் புலனாம். 1824-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ழான் சிவியால் என்பவர், நீர்த்துவாரத்தின் வழியே ஒரு கருவியைச் செலுத்தி, நீர்ப்பையிலுள்ள கல்லைக் கத்தியின்றி நொறுக்கிக் காட்டினார். எனினும், மேலே சிறுநீரகத்தினுள் தங்கிய கல்லுக்கு நெடுங்காலம் கத்தியையன்றி வேறு வழி இருந்திலது. 1976-ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து மருத்துவர்கள், முதுகில் ஒரு சிறு துளையிட்டு, அதன் வழியே சிறுநீரகத்தை அடைந்து கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர்.

இந்நிலையில், ஜெர்மனியில் ஆகாய விமானம் செய்துவந்த டார்னியர் என்னும் கம்பெனியின் பொறியாளர்கள், ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தின்மீது மழைத்துளி மோதுங்கால் உண்டாகும் அதிர்ச்சியை ஆராய்ந்து வந்தனர். துளி பட்ட இடத்திலன்றி அதற்கப்பாலும் உலோகம் சிதைவதைக் கண்ட அவர்கள், அதிர்ச்சி ஓர் அலையாய்ப் பரவிச் செல்வதை உணர்ந்தனர். இவ்வலையைக்கொண்டு உடலினுள் இருக்கும் கல்லை உடைக்கலாகாதா என்னும் எண்ணம் பிறந்தது. மியூனிக் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கிறிஸ்டியன் சௌசி என்பவரும் அவர்தம் துணைவரும் பல்லாண்டு பரிசோதனை செய்து, 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள் முதல் நோயாளர்க்கு இச்சிகிச்சையைச் செய்தனர். 1984-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடும் இக்கருவியை அனுமதித்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே இஃது உலகெங்கும் பரவிற்று.

அதிர்வலை செய்வதும் செய்யாததும்

முதற்கருவியில் நோயாளர் வெந்நீர்த் தொட்டியொன்றில் அமர்த்தப்பட்டார். தொட்டியின் அடியில் முட்டை வடிவான குழிந்த உலோகப் பாத்திரம் ஒன்று இருந்தது. நீள்வட்டத்திற்குக் குவியங்கள் இரண்டு என்பதைக் கணிதம் பயின்றார் அறிவர். ஒரு குவியத்தில் எழும் அலை சுவரிற்பட்டுத் திரும்பி மற்றொரு குவியத்திற் சென்று கூடும். முதற்குவியத்தில் நீருக்குள்ளே மின்பொறி தெறிக்க, அதனாலெழுந்த அதிர்வலை இரண்டாங் குவியத்திற் கூடிற்று. அங்கே கல் அமையுமாறு நோயாளர் நிறுத்தப்பட்டார். இக்காலக் கருவிகளில் தொட்டி இல்லை. நீர் நிரம்பிய மெத்தையொன்று தோலின்மேல் பசைபோன்ற களிம்பினால் பொருத்தப்படுகின்றது. மின்காந்தத்தாலும், மின்னூட்டத்தால் விரிந்து சுருங்கும் படிகங்களாலும் அலையை எழுப்புவனவும் உள. எக்ஸ் கதிரினாலேனும் அல்ட்ராசவுண்டினாலேனும் கல்லிருக்குமிடம் குறிக்கப்படுகின்றது.

நமது தசையும் குருதியும் பெரும்பாலும் நீரே. ஆதலின் நீரில் வரும் அலை அவற்றினூடே பெரிதும் தடையின்றிச் செல்கின்றது. கல்லோ அவற்றினும் அடர்த்தி மிக்கது. அதனை எய்துங்கால் அலையின் ஒரு பகுதி மீளுகின்றது. ஒரு பகுதி உட்புகுந்து, கல்லின் பின்முகத்திற்பட்டுத் திரும்பி, உள்ளிருந்து பிளக்கின்றது. கல்லைச் சுற்றியுள்ள நீரில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து அதன் மேற்பரப்பை அரிக்கின்றன. இவ்வாறு இரண்டாயிரம், மூவாயிரம் முறை தாக்கப்பட்டபின் கல் மணலாகவும் சிறு துணுக்குகளாகவும் சிதறுகின்றது. நிமிடத்திற்கு 120 முறை விரைந்து தாக்குவதினும், 60 முதல் 90 முறை வரை நிதானமாய்த் தாக்குவதே கல்லை நன்கு உடைக்கின்றதென்பது அனுபவத்திற் கண்டது.

இங்கே கருத்திற் கொள்ளத்தக்க உண்மையொன்று உளது. அதிர்வலை கல்லை உடைக்கின்றது, அதனை வெளியேற்றுவதில்லை. உடைந்த துணுக்குகளை வெளியே கொண்டுசெல்வது நோயாளரின் சிறுநீரே. கத்தியால் கல்லை எடுக்கும் மருத்துவர் அதனைக் கையில் ஏந்திக் காட்டுவார். இச்சிகிச்சையிலோ பாதி வேலை கருவியினது, மீதிப் பாதி உடலினது. எனவே, இச்சிகிச்சைக்கு உரியார் யாவரெனத் தேர்வோர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டுவர்: கல் உடையுமா? உடைந்தது வெளியேறுமா? உடைக்குங்கால் உண்டாகும் அதிர்ச்சியை உடல் தாங்குமா? இவற்றுள் ஒன்றற்கேனும் 'இல்லை' என்பது விடையாயின், வேறு வழி நாடுதலே முறை.

நோயின் அளவு

முதற்கண் கல்லின் பருமனைக் காண்போம். சிறுநீரகத்தினுள் இருக்கும் கல் 20 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருத்தல் வேண்டுமென்பது பொதுவிதி. அதனினும் பெரிய கல்லை உடைத்தால் துணுக்குகள் மிகப் பலவாய், ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிறுநீர்க்குழாயில் அடைந்து நின்றுவிடும். ஜெர்மானியர் இதற்குக் 'கல் தெரு' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். வீதியிற் பாவிய கற்களைப்போல் அவை வரிசையாய்க் கிடத்தலின் அப்பெயர் வந்தது. அடைப்பு நீங்காவிடில் சிறுநீரகமே பழுதுறும். ஆகையால் பெரிய கல்லுக்கும், மான்கொம்புபோற் கிளைத்துச் சிறுநீரகத்தின் அறைகளை நிரப்பி நிற்கும் கல்லுக்கும், முதுகில் துளையிட்டு எடுக்கும் முறையே பெரிதும் தகுதியுடையது. மறுதலையாக, மிகச் சிறிய கல்லுக்குச் சிகிச்சையே வேண்டாதிருத்தலும் உண்டு. சிறுநீர்க்குழாயில் இறங்கிய 5 மில்லிமீட்டருக்குட்பட்ட கற்களிற் பெரும்பாலன தாமே வெளியேறிவிடும். வலியையும் காய்ச்சலையும் கவனித்துக்கொண்டு காத்திருத்தலே அவற்றிற்குப் போதுமானது.

இரண்டாவது, கல்லின் வன்மை. எல்லாக் கல்லும் ஒரே பொருளாலானவை அல்ல. சுண்ணச்சத்தும் ஆக்சாலிக் அமிலமும் கூடிப் பிறப்பவை பெரும்பான்மை. அவற்றுள்ளும் ஒரு வகை எளிதில் நொறுங்கும். மற்றொரு வகை கடினமானது. நோய்க்கிருமிகளால் உண்டாகும் கல் பெரும்பாலும் மெதுவானது. சிஸ்டின் என்னும் பொருளாலான கல்லும், புருஷைட் என்னும் சுண்ணக்கல்லும் அதிர்வலைக்கு எளிதில் இணங்கா. யூரிக் அமிலக் கல் நொறுங்கும் இயல்பினதே. ஆயினும் எக்ஸ் கதிர்ப் படத்தில் அது தோன்றாது. மேலும், சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தினாலேயே அதனைக் கரைத்துவிடக் கூடுமாதலின், எல்லார்க்கும் உடைத்தல் வேண்டுவதில்லை.

கல்லை வெளியே எடுப்பதற்கு முன் அதன் வன்மையை அறிவது எங்ஙனமெனின், சி.டி. ஸ்கேன் என்னும் படமே அதற்குத் துணை. அப்படத்தில் ஒவ்வொரு பொருளின் அடர்த்தியும் எண்ணாற் குறிக்கப்படுகின்றது. அக்கருவியை ஆக்கி, 1979-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பெயராலேயே அவ்வலகு வழங்குகின்றது. தண்ணீருக்கு அளவு 0. காற்றிற்கு 0-க்குக் கீழே 1000. கல்லின் அளவு ஏறத்தாழ 1000-க்கு மேற்படுமாயின், அது நன்கு உடையுமென்று எதிர்பார்த்தல் அரிது. குறையக் குறைய நம்பிக்கை கூடும். இவ்வோரெண்ணை மட்டும் கொண்டு துணிதல் தகாதாயினும், நோயாளரை வீணே பலமுறை வரவழைக்காமற் காப்பதில் இஃது உதவுகின்றது.

மூன்றாவது, கல்லிருக்கும் இடம். சிறுநீரகம் அவரை விதை போன்ற வடிவினது. அதனுட்புறத்தே சிறு கிண்ணங்களைப்போன்ற அறைகள் உள. அவற்றிலூறும் நீர் நடுவேயுள்ள புனல்போன்ற பையிற் கூடிச் சிறுநீர்க்குழாயில் இறங்குகின்றது. மேலறையிலும் நடுவறையிலும் புனற்பையிலும் உள்ள கல் உடைந்தால், துணுக்குகள் நீரோட்டத்தோடு எளிதில் இறங்கும். கீழறையிலுள்ள கல்லோ கிணற்றடியில் விழுந்த செம்பு போன்றது. உடைந்தாலும் மேலேறி வரவேண்டும். அவ்வறையின் கழுத்து 5 மில்லிமீட்டருக்குக் குறைந்து ஒடுங்கியிருப்பினும், அறை நீண்டிருப்பினும், புனற்பையோடு அது கூடுமிடம் செங்குத்தாய் மடிந்திருப்பினும், துணுக்குகள் அங்கேயே தங்கி மீண்டும் கல்லாய் வளரும். ஆதலின் கீழறைக் கல் 10 மில்லிமீட்டரைத் தாண்டியவுடனே மருத்துவர் இவ்வமைப்பையெல்லாம் நுணுகி நோக்கிய பின்னரே துணிகின்றனர்.

நான்காவது, கல்லுக்குக் கீழுள்ள வழி. சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே ஒடுங்கியிருப்பினும், தழும்பினால் சுருங்கியிருப்பினும், கல்லை உடைப்பதாற் பயனில்லை. மதகடைத்த கால்வாயில் மண்கட்டியைக் கரைத்துவிடுதலால் யாது பயன்? முதலில் மதகைத் திறத்தல் வேண்டும். இவ்வொரு காரணத்தினாலேயே படத்தில் கல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சிகிச்சைக்கு ஒருப்படுதல் தவறென்க.

நோயுற்றார் நிலை

கல் தகுதியுடையதாயினும், கல்லையுடையவர் தகுதியுடையவராதல் வேண்டும். கருவுற்ற மகளிர்க்கு இச்சிகிச்சை முற்றும் விலக்கு. அதிர்ச்சி வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கும். ஆகையால் கருத்தரிக்கும் வயதினராய பெண்டிர்க்கு முன்னரே சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுதல் கடமையாகும்.

அடுத்தது குருதியின் இயல்பு. அதிர்வலை கல்லைத் தாக்குங்கால் அதனைச் சூழ்ந்த சிறுநீரகத் தசையும் சிறிது கன்றுதல் இயல்பே. சிகிச்சைக்குப்பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து வருதல் இதனாலேயாம். குருதி உறையும் தன்மை செம்மையாயுள்ளவர்க்கு அஃது எளிதில் ஆறிவிடும். உறையாமை நோயுடையவர்க்கும், குருதி உறையாதிருக்க மருந்துண்பவர்க்கும், சிறுநீரகத்தைச் சுற்றிக் குருதி பெருகித் தேங்கி உயிர்க்கே தீங்கு நேரலாம். இரத்த அழுத்தம் அடங்காதவர்க்கும் இவ்வச்சம் உண்டு. அதனை முன்னர் மருந்தால் அடக்குதல் வேண்டும். வயிற்றின் பெருநாடியிலோ சிறுநீரக நாடியிலோ வீக்கம் உடையவர்க்கு அதனருகே அதிர்ச்சி செலுத்துதல் தகாது. இதயத்தின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்றவர்க்கு முற்றும் விலக்கில்லையெனினும், இதய மருத்துவரைக் கலந்தே செய்தல் வேண்டும்.

உடலின் பருமனும் எண்ணத்தக்கது. கருவியின் அலை குறித்த ஆழத்திலேயே கூடுகின்றது. தோலிலிருந்து கல் வரையுள்ள தூரம் 10 செண்டிமீட்டருக்கு மேற்படின், அலை வழியிலேயே வலிகுன்றிப் போம். மிகப் பருத்தவர்க்குக் குவியம் கல்லை எட்டாமலே நின்றுவிடுதலும் உண்டு. முதுகெலும்பு மிகக் கோணியவர்க்குக் கல்லைக் குறிவைத்தல் அரிது. சிறுவர்க்கோ இச்சிகிச்சை நன்கு பலிக்கின்றது. அவர்தம் உடல் சிறிதாகலின் அலை எளிதிற் சென்றெட்டும். துணுக்குகளும் விரைவில் வெளியேறும். ஆனால் காற்று நிறைந்த நுரையீரல் அதிர்வலையால் ஊறுபடும் இயல்பினது; குழந்தைகளிடத்தே அது சிறுநீரகத்திற்கு மிக அணித்தாயிருத்தலின் அதனைக் கவசமிட்டுக் காத்தல் வேண்டும். அசையாது கிடத்தற்பொருட்டு மயக்கமருந்தும் அவர்க்கு வேண்டுவதாகின்றது.

இவையன்றி, நூல்களில் ஒரு வரியாகக் கூறப்பட்டாலும் வாழ்க்கையிற் பெரிதாய் நிற்கும் செய்தி ஒன்று உண்டு. இச்சிகிச்சை சிலர்க்கு ஒரே அமர்வில் முடியாது. இரண்டு, மூன்று முறை வரவேண்டியிருக்கும். துணுக்குகள் முற்றும் வெளியேறச் சில வாரங்கள் செல்லும். இடையே வலியும் வரலாம். அன்றாடக் கூலியை இழந்து தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து பஸ்ஸேறி வரும் உழவர்க்கு, மூன்று முறை வருதல் எளிதா, அன்றி ஒருமுறை மயக்கமருந்து ஏற்றுக் கருவியால் கல்லை எடுத்துவிடுதல் எளிதா என்பதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். எவ்வகையானும் கத்தியையும் கருவியையும் அஞ்சுவார்க்கு, பலமுறை வருதலே உவப்பாயிருத்தலும் கூடும். நோயுற்றாரது நிலையென்பதில் அவர்தம் உள்ளமும் பொருளும் அடங்குமென்பது நம் கருத்து.

காலம்

தகுதியுடைய கல்லும் தகுதியுடைய நோயாளரும் அமைந்த இடத்தும், காலம் தகாதிருத்தல் உண்டு. சிறுநீரில் நோய்க்கிருமி இருக்குங்கால் கல்லை உடைப்பின், கல்லினுள்ளேயும் கன்றிய தசையின் வழியேயும் கிருமிகள் குருதியிற் கலந்து உடல் முழுதும் பரவும். ஆதலின் சிறுநீரை முன்னரே சோதித்து, கிருமியிருப்பின் மருந்தால் அதனை ஒழித்த பின்னரே தொடங்குதல் வேண்டும்.

இதனினும் கொடியது, கல் அடைத்த சிறுநீரகத்தில் சீழ்பிடித்துக் குளிர்காய்ச்சல் காணுதல். இந்நிலையில் கல்லைப் பற்றிய எண்ணமே பின்னதாகல் வேண்டும். உள்ளே தேங்கிய நீருக்கு முதலில் வழிவிடுதல் கடன். ஸ்டென்ட் எனப்படும் மெல்லிய குழலைக் கீழிருந்து செலுத்தியேனும், முதுகின் வழியே குழாயிட்டேனும் அதனை வடித்துவிடுவர். இதனை மறுநாளைக்கென ஒத்திவைப்பது உயிரை ஒத்திவைப்பதாகவே முடியும். கல்லடைப்பு வலியோடு குளிரும் காய்ச்சலும் கண்டால், கைமருந்தும் கஷாயமும் தேடிக் காலங்கழியாது அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டுமென்பதை இதனைப் படிப்போர் தத்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பாராக. காய்ச்சல் தணிந்து கிருமி ஒழிந்தபின், அதே கல்லுக்கு அதிர்வலைச் சிகிச்சை தகுதியாதலும் உண்டு.

குருதி உறையாமைக்கான மருந்தைப் பொறுத்தும் காலம் நோக்கவேண்டும். சிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் சில நாள் அம்மருந்தை நிறுத்தியிருத்தல் வேண்டியதாகும். ஆனால் இதய நாடியில் அண்மையில் ஸ்டென்ட் வைக்கப்பெற்றவர் அதனை நிறுத்துவாராயின், கல்லினும் பெரிய ஆபத்து நேரும். ஆகவே நோயாளர் தாமே மருந்தை நிறுத்திவிட்டு வருதலும், மருத்துவர் கேளாமலே சிகிச்சையைத் தொடங்குதலும் ஒருங்கே விலக்கத்தக்கன. மருந்தை நிறுத்தவியலாதவிடத்து, சிறுநீர்க்குழாய் வழியே மெல்லிய தொலைநோக்குக் கருவியைச் செலுத்தி, லேசர் ஒளியால் கல்லை உடைக்கும் முறை பெரிதும் கைகொடுக்கின்றது.

எடுத்துக்காட்டுக்கள்

மேற்கூறியவற்றை நன்கு மனங்கொள்ளுமாறு நால்வரைக் கற்பித்துக்கொண்டு ஆராய்வோம்.

முதல்வர் முப்பது வயதினர், புனற்பையில் 8 மில்லிமீட்டர்க் கல், அடர்த்தி 700, தோலிலிருந்து தூரம் 8 செண்டிமீட்டர், சிறுநீர் தூயது, வழியில் ஒடுக்கமில்லை. இங்கே மூன்று வினாக்களுக்கும் விடை இசைவாய் உளது. அதிர்வலைச் சிகிச்சைக்கு இவரினும் தக்கார் இலர் எனலாம்.

இரண்டாமவர் நாற்பத்தைந்து வயதுள்ள அம்மையார், பருத்த உடலினர், கீழறையில் 16 மில்லிமீட்டர்க் கல், அடர்த்தி 1300, தூரம் 12 செண்டிமீட்டர். 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதே எனப் பருமனை மட்டும் நோக்குவார் இவரைச் சிகிச்சைக்கு அழைத்துவிடுவர். கல் கடினம், ஆழம் மிகுதி, இடமோ கீழறை. உடைவதும் ஐயம், உடைந்தது வெளியேறுவதும் ஐயம். பல அமர்வுகளால் இவரை வருத்துவதினும், லேசர் முறையையோ முதுகுத் துளை முறையையோ தொடக்கத்திலேயே எடுத்துரைப்பது நேர்மை.

மூன்றாமவர் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர்; 9 மில்லிமீட்டர்க் கல்; எளிதில் உடையத்தக்கது. ஆயின் மூன்று மாதங்களுக்கு முன்னர் இதய நாடியில் ஸ்டென்ட் வைக்கப்பெற்று, குருதி உறையாமைக்கு இருவகை மருந்து உண்பவர். நோயின் அளவு இசைகின்றது. நோயுற்றார் நிலை இசையவில்லை. கல் அடைப்பின்றி அமைதியாயிருப்பின், இதய மருத்துவர் இசையுங்காறும் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாதாயின் லேசர் முறையை நாடலாம்.

நான்காமவர் இளந்தாய் ஒருவர், சிறுநீர்க்குழாயின் மேற்பகுதியில் 7 மில்லிமீட்டர்க் கல், மேலே நீர் தேங்கியுளது, இருநாட்களாய்க் குளிர்காய்ச்சல். நோயின் அளவும் நோயுற்றார் நிலையும் இசைந்தாலும் காலம் இசையவில்லை. இவர்க்கு இன்று வேண்டுவது தேங்கிய நீரை வடித்தலும் கிருமியை ஒழித்தலுமே. சில வாரங் கழித்து இதே கல்லை அதிர்வலைக்கு ஒப்படைக்கலாம்.

ஒரே நோய்ப்பெயர் பூண்ட நால்வர்க்கும் துணிபு நால்வகையாய் முடிந்தமை காண்க. எண்களை மனப்பாடம் செய்தல் எளிது. எந்த எண் எவரிடத்தே தலைமை பெறுமென்று உணர்தலே கல்வி.

சிகிச்சைக்குப் பின்

சிகிச்சை முடிந்தவுடன் கடமை முடிந்ததென்றெண்ணலாகாது. சில வாரங் கழித்து மீண்டும் படமெடுத்து, துணுக்குகள் நீங்கினவாவென்று காண வேண்டும். முதல் அமர்வுகளில் கல் சிறிதும் அசையாதாயின், மீண்டும் மீண்டும் தாக்குதல் சிறுநீரகத்தையே தாக்குதலாம். வழியை மாற்றிக்கொள்ளுதல் அறிவுடைமை. வெளிவந்த துணுக்கைச் சல்லடையிற் பிடித்துச் சோதனைக்குத் தந்தால், கல் எதனாலானதென்று தெளிந்து, மறுபடி தோன்றாமற் காக்கும் வழி கூறலாகும். ஏனெனில் கல்லை உடைத்தல் கல் பிறந்த காரணத்தை உடைத்தலன்று. ஒருமுறை வந்தவர்க்கு மீண்டும் வருதல் இந்நோயின் இயல்பு. நாள்தோறும் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவுக்கு நீர் பருகுதலும், உப்பைக் குறைத்தலும் பெரும்பாலார்க்கு உதவும். இதய நோயும் சிறுநீரக நோயும் உடையவர் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

விமானத்தின்மீது விழுந்த மழைத்துளியிலிருந்து, கீறாமற் கல் உடைக்கும் கலையொன்று பிறந்தது. அக்கலை பல்லாயிரவரைக் கத்தியினின்றும் காத்துளது. எனினும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், தன் முன் கிடத்தப்பட்டவர் தக்காரா தகாதாரா என்பதனைத் தானே அறியாது. யாரைக் கிடத்தினும் அதே வலியோடு தாக்கும். அறிய வேண்டியவர் மனிதரே. ஹிப்போகிரேட்டசின் உறுதிமொழி கல்லை அறுத்தலினின்றும் மருத்துவரை விலக்கியதும், வள்ளுவர் மூன்றினை எண்ணச் சொன்னதும், செய்யத் தெரிந்ததையெல்லாம் செய்துவிடலாகாதென்னும் ஒரே நெறியின் இருகூறுகளென்பது நமது துணிபு. நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று நாளை மருத்துவராகப் புகும் மாணவர்களும், நோயாளராகவோ நோயாளரின் சுற்றத்தாராகவோ மருத்துவமனை வாயிலில் நிற்கப்போகும் மற்றையோரும், 'இச்சிகிச்சை நல்லதா?' என்று வினவுவதை விடுத்து, 'இது இவர்க்கு, இக்கல்லுக்கு, இப்பொழுது தகுமா?' என்று வினவப் பழகுவாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.